தொட்டில் தொங்கிய உத்தரம்

கைக்குழந்தை தூங்கும் தொட்டிலை மெதுவாக ஆட்டினால், அது தொங்குகிற உத்தரம் எவ்வளவு அசையும்? பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவள் நான். கணக்குப் போட்டுப் பார்க்க நினைத்தேன். கணக்குக்கு வேண்டிய எண்கள் என்னிடம் இல்லை. கண்ணால் பார்த்தால் உத்தரம் அசைவதே தெரியாது. ஸ்டூலில் ஏறிக் கையை வைத்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

என் கணவர் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிறார். கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து வந்த நாளிலிருந்து பக்கத்திலேயே, சுள்ளிக்கல்லில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். படித்த படிப்பு வீணாகக் கூடாதே என்று நான் வேலை தேடினேன். மண்டிக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய சுக்குக் கிடங்கு ஒன்றில், ஆலைகளின் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்துச் சரிபார்க்கும் பட்டறை இருந்தது. அங்கே சேர்ந்தேன்.

பட்டறையின் முதலாளி பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம். கப்பல்களில் கருவிகளைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கடல் அலுத்துப்போய் இங்கே கடை போட்டிருந்தார். நான் அவரை சார் என்பேன். அவரைத் தவிர இடக்கொச்சியிலிருந்து வரும் மெக்கானிக் ஒருவர். அவர் எனக்குச் சேட்டன். எங்களிடம் பேசிப் பேசியே அவருக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது. நானும் சேர்த்து மூன்று பேர்தான்.

சார் வாங்கி வந்த ஒரு மின்னணுப் பெட்டிக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். முகப்பில் சிவப்பு எண்கள் எரியும், கீழே சின்னச் சின்னப் பொத்தான்கள். ஆலையில் வெப்பம் ஏற ஏற அங்கிருந்து வருகிற மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், அதைப் பார்த்து இங்கே மீட்டரின் முள் நகரும். பெட்டி அந்த மின்சாரத்தைப் போலியாக உண்டாக்கித் தரும். முதல் படியில் இவ்வளவு, அங்கே இத்தனை விநாடி நில். அடுத்த படிக்கு ஏறு, நில். உச்சிக்குப் போ, அதே வழியில் இறங்கு என்று நாம் பொத்தான்களை அழுத்தி வரிசையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓட விட்டால் தானே படியேறும், தானே இறங்கும். ஒவ்வொரு படியிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. கரண்ட் போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டும். மட்டாஞ்சேரியில் மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

கைக்குமிழைத் திருப்பித்தான் சேட்டன் அதுவரை மீட்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, ஆள்காட்டி விரல் நகத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டுவார். முள் லேசாகத் துள்ளி ஓரிடத்தில் நிற்கும். அதைத்தான் படிப்பார். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கமாம். நான் வந்ததும் அதைத் தடுத்தேன்.

“சேட்டா, தட்டாதீங்க. யாரும் தட்டாமலே முள்ளு போகணும். அங்க ஆலையில யாரு தட்டுவா?”

“கொச்சே, தட்டாம ஒரு முள்ளும் சத்தியம் பறயாது. நான்கூட அப்படித்தான். என் வீட்டுல கேட்டுப் பாரு.”

சார் சிரித்தார். ஆனாலும் பெட்டி ஓடும்போது யாரும் மீட்டரைத் தொடக்கூடாது என்பதை ஒப்புக்கொண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மகன் பிறந்த பிறகு வேலையை விட்டுவிடுவதாக இருந்தேன். பெட்டியை ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. சார் வீட்டுக்கே ஆளனுப்பினார். குழந்தை புட்டிப்பால் குடிக்க மாட்டான், பாலாடையில் புகட்டினாலும் துப்பிவிடுவான், அவனை விட்டுவிட்டு அரை நாள்கூட இருக்க முடியாது என்று போய்ச் சொன்னேன்.

“இங்க கொண்டு வா மோளே. தொட்டில் கெட்டிக்கோ. இடம் உண்டல்லோ. ஆனா ஒண்ணு, வேலைக்கு எடைஞ்சல்னு வந்தா அப்பறம் நான் யோசிக்க வேண்டி வரும், கேட்டியா.”

அந்தக் கடைசி வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. குழந்தை அழுதால் சாரின் முகத்தைப் பார்ப்பேன். இருமினால் பார்ப்பேன்.

கிடங்கு காயலுக்குப் பக்கம். வேலியேற்றத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில், தண்ணீர் தரைக்கு வந்துவிடும். அதனால் எங்கள் பட்டறையில் எதுவும் தரையில் நிற்காது. மீட்டர்களை வைக்கும் பலகைகூட நாலு இரும்புக் கம்பியில் உத்தரத்திலிருந்து தொங்கியது. பலகைக்குப் பக்கத்தில் என் சேலை ஒன்றைத் தொட்டிலாகக் கட்டினேன். தொட்டிலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வேன். கை பெட்டியில், கண் முள்ளில், கால் தொட்டிலில். மழைக்காலத்துக்கு முன் தொடங்கி, மழைக்காலம் பாதி முடியும்வரை அப்படித்தான் வேலை செய்தேன்.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன். ஏலூரில் ஒரு ஆலையை வருடாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து வெப்பம் காட்டும் மீட்டர் ஒன்று எங்களிடம் வந்தது. அதில் முள்ளுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். முள் கோட்டைத் தொட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால்தான் அங்கே இருக்கிறவர்கள் ஓடிப் போய் வால்வை மூடுவார்கள். அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சேட்டனிடம் கேட்டேன். அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. “அது நம்ம யோசிக்கண்டா” என்றார்.

அவர் அதைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். நான் படிகளை அழுத்தி ஓட விட்டேன். சிவப்புக் கோட்டைச் சற்றே தாண்டும்படி ஒரு படி வைத்திருந்தேன். அந்தப் படியில் முள் கோட்டைத் தொட்டது, மணி அடித்தது. குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதான். எல்லாம் சரியாக இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பகலில் மீட்டரை ஓட்டும்போது நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது, நான் படிகளை மறுபடி அழுத்தியிருந்தேன். கோட்டைத் தாண்டும் படியைச் சரியாகத்தான் அழுத்தினேனா? கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தால் முள் தாராளமாகத்தான் தாண்டியிருக்கும், அதில் ஒன்றும் தெரியாதே. கணவரிடம் சொன்னேன்.

“நீ அடுப்ப அணைச்சியான்னே மூணு தடவ எந்திரிச்சுப் பாப்ப. தூங்கு” என்றார்.

காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. சாரல் வேறு. மண்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர் குழந்தையை வைத்துக்கொள்வதாகவும், பசி வந்ததும் பட்டறைக்குத் தூக்கி வருவதாகவும் ஏற்பாடு. நான் தனியாகப் போனேன். மத்தியானம் ஆலையிலிருந்து ஜீப் வந்து மீட்டரை எடுத்துப்போகும். அதற்குள் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று படிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழுத்தினேன்.

முள் ஏறியது. கால், அரை, முக்கால். சிவப்புக் கோட்டுக்கு வந்தது. கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. மணி அடிக்கவில்லை. பெட்டி தன் நேரம் முடிந்ததும் அடுத்த படிக்குப் போய்விட்டது.

என் தவறுதான் என்று நினைத்தேன். நிற்கும் நேரம் போதவில்லை போல. கூட்டி அழுத்தினேன். முள் அங்கேயே நின்றது. இன்னும் கூட்டினேன். விநாடிகள் சிவப்பு எண்களில் குறைந்துகொண்டே வந்தன, முள் நகரவில்லை. பெட்டியே பொய் சொல்கிறதோ என்று வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அதில் எல்லாம் சரி.

சேட்டன் வந்து எட்டிப் பார்த்தார். “ஒரு தட்டு தட்டட்டே? ஒண்ணே ஒண்ணு.”

“தொடாதீங்க சேட்டா.”

“இன்னலே அடிச்ச மணி இன்னிக்கு அடிக்காதோ? உன் பெட்டிக்குத்தான் கோளாறு. என் மீட்டருக்கு ஒண்ணும் இல்லே.”

“பெட்டிக்கு ஒண்ணும் இல்ல சேட்டா. வேற மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன்.”

“அப்போ எனக்காக்கும் கோளாறு.” அவர் முகம் சிவந்துவிட்டது. பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஜீப் சீக்கிரமே வந்துவிட்டது. கருவிகள் பிரிவைச் சேர்ந்த ஒருவர் இறங்கி, குடையை மடக்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். சார் அவருக்குச் சாயா வரவழைத்தார். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, “எந்தா மோளே இது? நேத்து ஓகேன்னு சொல்லிட்டு இப்ப வேண்டாத பயம். சாயங்காலம் ஆலை ஸ்டார்ட் ஆக்கணும்னு அவர் நிக்கிறார்” என்றார்.

“நேத்து அடிச்சது சார். இப்ப அடிக்கல. ஏன்னு தெரியல.”

“ஒரு தடவ கூட ஓட்டு. அடிச்சா பாக் பண்ணிரு.”

பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது. பிளவுஸ் நனைந்துவிடுமோ என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி படிகளை அழுத்திக்கொண்டிருக்கையில் கணவர் குழந்தையுடன் வந்து சேர்ந்தார். குழந்தை வழியிலேயே தோளில் தூங்கிப்போயிருந்தான். சூடு குறைந்திருந்தது. எழுப்ப வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அவர் மெதுவாகத் தொட்டிலில் போட்டார். அவன் சிணுங்கினான். அவர் கயிற்றைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்.

பெட்டியை ஓட விட்டேன். கால், அரை, முக்கால். சிவப்புக் கோடு. முள் கோட்டைத் தொட்டது. மணி அடித்தது.

“கண்டோ” என்றார் வாசலிலிருந்து சேட்டன். சார் பெருமூச்சு விட்டார். “நான் பறஞ்சேனே. பாக் பண்ணு மோளே.” ஜீப்காரர் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

நான் முள்ளைப் பார்க்கவில்லை. என் கணவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு, சேலை, முடிச்சு, உத்தரம். அதே உத்தரத்தில் பலகையின் நாலு கம்பிகள். நேற்று என் கால்விரலில் அந்தக் கயிறு இருந்தது. இன்று காலையில் தொட்டில் சும்மா தொங்கியது.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அட்டைப்பெட்டி தயாராக இருந்தது, வைக்கோல் தயாராக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் மீட்டர் போய்விடும், தொட்டில் இங்கேயே இருக்கும். திறந்தால், வேலைக்கு இடைஞ்சல் என்று சார் சொன்னாரே, அது இதுதான். புட்டியைத் துப்புகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வேறு எங்கே வேலைக்குப் போவேன்? சார் என் கையிலிருந்து ஒயரை வாங்கக் கையை நீட்டினார்.

ஜீப்காரரிடம் கேட்டேன். “சார், இந்த மீட்டர் எங்க மாட்டுவீங்க? பக்கத்துல மோட்டார் ஏதாவது ஓடுமா?”

அவர் மலையாளத்தில் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலாம். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“ஏங்க, ஆட்டாதீங்க” என்றேன் கணவரிடம்.

“இப்பத்தான் கண்ண மூடுதான். நிறுத்துனா முழிச்சுக்கிடுவான்.”

“முழிச்சா முழிக்கட்டும். கயித்த விடுங்க.”

நான் அப்படி அவரிடம் பேசியதில்லை. கயிற்றை விட்டார். தொட்டில் தானே நிற்கும்வரை காத்திருந்து, பெட்டியை மறுபடி ஓட விட்டேன். முள் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மணி இல்லை. எல்லோரும் பலகையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“இப்ப ஆட்டுங்க.”

அவர் ஆட்டினார். இரண்டாவது வீச்சிலேயே முள் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மணி அடித்தது. குழந்தை விழித்து வீறிட்டான். அவனைத் தூக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மணியை நிறுத்தவும் தோன்றவில்லை.

“நான் தட்டண்டான்னு சொன்ன ஆளு” என்றார் சேட்டன் மெதுவாக. “உன் மோன் தட்டியிருக்கான், கொச்சே.”

சார் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்காரரிடம், கொஞ்சம் உட்காருங்கள், மீட்டரைத் தர நேரமாகும் என்றார். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, சார், “ஈ நிலையில தரான் பற்றில்லா”, தர முடியாது என்று முடித்துவிட்டார். அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தேன். சேட்டன் மீட்டரைப் பிரிப்பது சத்தத்தில் தெரிந்தது. முள்ளின் அச்சு உட்காரும் சின்னக் கல் ஒன்றில் கீறல் விழுந்திருந்ததாம். அதில்தான் அச்சு சிக்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடியில் தெரிந்தது. பழைய மீட்டர் ஒன்றிலிருந்து கல்லைக் கழற்றி மாட்டினார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் குழந்தையைக் கணவரிடம் கொடுத்து வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தொட்டிலை அவிழ்த்தேன். சேலையை மடித்து வைத்த பிறகுதான் பெட்டியை ஓட விட்டேன்.

கால், அரை, முக்கால், சிவப்புக் கோடு. மணி அடித்தது. இறங்கும்போதும் எல்லாப் படியிலும் முள் ஒழுங்காக நின்றது. என் திருப்திக்காக இன்னொருமுறை ஓட்டினேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஜீப் போயிற்று.

மறுநாளிலிருந்து தொட்டில் வேண்டாம் என்று சார் சொல்லவில்லை. நானே மறுபடி கட்டவில்லை. சில வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தேன். வீட்டு உரிமையாளரின் மருமகளுக்கும் கைக்குழந்தை இருந்தது. கடைசியில் அவளிடம் என் மகன் பால் குடித்துப் பழகினான். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. நான் வேலைக்குத் திரும்பினேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. தொட்டில் ஆடிய மாதங்களில் அந்தப் பலகையிலிருந்து வேறு மீட்டர்களும் சரி என்று போயிருக்கின்றன. சாரிடம் சொன்னேன், அவற்றைத் திரும்ப வரவழைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று.

“கம்ப்ளைன்ட் ஒண்ணும் வரல்லே. நாமே போய், எங்க தொட்டில் ஆடிச்சு, அதனால உங்க மீட்டர தாங்கோன்னு சொன்னா அப்பறம் யாரு மோளே நமக்கு வேலை தருவா? வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாம் வரும். அப்போ பாத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் சார்?”

“அதுவரைக்கும் படைச்சவன் பாத்துக்குவான்.”

அவர் அலட்சியக்காரர் அல்ல. அந்த ஜீப்பை அத்தனை நேரம் நிறுத்தி வைத்தவரும் அவர்தான். அதனால்தான் எனக்கு அவரை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. சேட்டனிடம் கேட்டால், “எல்லாத்திலும் கல்லு உடையுமோ? விடு கொச்சே” என்கிறார். கணவர் என்னிடம், “நீ சொன்னதாலதான் ஒண்ணு தப்பிச்சுது. அதுக்கு மேல நீ என்ன செய்ய முடியும்?” என்கிறார்.

அடுத்த வருடம் அவை ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஓட்டினேன். நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டு இன்னும் வரவில்லை. இரண்டிலும் சிவப்புக் கோடு உண்டு. ஒன்று ஏலூரில் வேறொரு ஆலைக்குப் போனது, மற்றது இடக்கொச்சியில் மீன் பதனிடும் ஒரு ஐஸ் ஆலைக்கு. அந்த ஆலைக்காரர்கள் இப்போது வேறு பட்டறையில் கொடுத்துச் சரிபார்க்கிறார்களோ, சரிபார்க்காமலே விட்டுவிட்டார்களோ, எனக்குத் தெரியவில்லை. சாரிடம் மறுபடி கேட்டேன். இம்முறை அவர் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

நானே நேரில் போய் அந்த ஆலைக்காரர்களிடம் சொல்லலாம். ஐஸ் ஆலை பஸ் ரூட்டில்தான் இருக்கிறது. சொன்னால், எனக்கு இடம் கொடுத்து, என் பிள்ளைக்கும் இடம் கொடுத்தவரின் தொழிலுக்கு நான் குழி பறித்தவளாவேன். சேட்டனின் கைவேலைக்கும் கெட்ட பெயர். சொல்லாவிட்டால், அந்த மீட்டர்களுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மணி அடிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டும் நன்றாகவே இருக்கலாம். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தூங்குவது?

இதைப் படிக்கிறவர்களில் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள், பட்டறை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களும் இருப்பீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் சாரிடம் மூன்றாம் முறை கேட்பீர்களா, அவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறுவீர்களா, இல்லை கணவர் சொல்வதுபோல் விட்டுவிடுவீர்களா? எனக்கு எழுதுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.